தஞ்சம் மறுத்துவிட்டார்கள், கோர்ட்டுக்குப் போகலாமா? வழக்கறிஞர் பதில்கள்

வெளிநாட்டில் தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சென்னையில் நிறைய. அவர்களுக்காக இங்கிருந்து ஆவணம் திரட்டிக் கொடுத்துவரும் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்.

தம்பி டொராண்டோவில். அகதி மேல்முறையீட்டுப் பிரிவும் தள்ளிவிட்டது. கோர்ட் அவன் கதையை முதலிலிருந்து கேட்குமா சார்? (வளசரவாக்கம்)

கேட்காதும்மா. நம்ம ஹைகோர்ட்டில் ஒரு அதிகாரியின் உத்தரவை எதிர்த்து ரிட் போடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். தம்பி சாட்சி சொல்லப் போவதில்லை. முடிவை எழுதியவர் ஆதாரத்தைப் பார்த்தாரா, காரணம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதைத்தான் கனடாவின் ஃபெடரல் கோர்ட் பார்க்கும். 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த வாவிலோவ் தீர்ப்பு இதற்கு அடிப்படை. அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுத்தால் பெரும்பாலும் காரணமே சொல்ல மாட்டார்கள். ஜெயித்தாலும் வழக்கமாக அந்தப் பிரிவுக்கே திருப்பி அனுப்பி, வேறொருவர் மறுபடி முடிவெடுப்பார். அகதி அந்தஸ்து கையோடு கிடைத்துவிடாது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் வாடிவிடும், ஆனால் ஃபீஸ் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எத்தனை நாள் அவகாசம்?

கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால், அது கைக்கு வந்து 15 நாள். அமெரிக்காவில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்தின் உத்தரவுக்கு 30 நாள், ஆஸ்திரேலியாவில் 35. ஒரு விஷயம் கவனியுங்கள்: அமெரிக்காவில் மனு போட்டதாலேயே நாடு கடத்தல் நிற்காது. தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும்.

அண்ணனுக்கு முதுகில் சூடு வைத்த தழும்பு. லண்டனில் ‘ஆள் வைத்துச் சூடு போட்டுக்கொண்டது’ என்று எழுதிவிட்டார்கள். (போரூர்)

இதே கேள்வி 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரும் இலங்கைத் தமிழர்தான், முதுகிலும் கையிலும் சூடான கம்பித் தழும்பு. முதுகுத் தழும்பின் ஓரங்கள் தெளிவாக இருந்தன. அப்படியானால் ஆள் அசையவில்லை, மயக்கத்தில் இருந்திருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். தீர்ப்பாயம் அதையே பிடித்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்துத் திட்டமிட்டுச் செய்தது என்ற பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தஞ்சத்துக்காக இப்படி ஆள் வைத்துச் சூடு போட்டுக்கொள்வது மிக அபூர்வம், அதற்கு உரிய எடை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அண்ணனின் மருத்துவ அறிக்கை இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதைக் காயங்களைப் பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி), ஒவ்வொரு தழும்பும் அவர் சொல்லும் விதத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று தனித்தனியாகச் சொல்கிறதா பாருங்கள். ‘தழும்புகள் உள்ளன’ என்று ஒரே வரியில் முடிக்கும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

மச்சான் ஜெர்மனியில். வெளியில் ஜெபக்கூட்டம் நடத்தாமல் இருந்தால் ஊரில் ஆபத்தில்லை என்கிறார்கள். (பெரம்பூர்)

அந்தக் காரணம் நிற்கக் கூடாது. பாகிஸ்தான் அகமதியா முஸ்லிம்கள் இருவர் வழக்கில், மத வழிபாட்டைத் தவிர்த்துக்கொள் என்று எதிர்பார்க்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. ஆனால் பொதுவில் வழிபடுவது மச்சானுக்கு எவ்வளவு முக்கியம், அதனால் என்ன ஆபத்து வரும் என்று அவர்தான் காட்ட வேண்டும். சபைப் பதிவேடு, பாஸ்டர் கடிதம் எல்லாம் அதற்குத்தான்.

இந்தியாவில் இப்படி வழக்குப் போட முடியாதா? (கும்மிடிப்பூண்டி முகாம்)

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் அந்த மாதிரி மேல்முறையீடு இங்கே கிடையாது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவை வைத்து ரிட் போடலாம். 1996இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக இருந்த சக்மா மக்களுக்கு உச்ச நீதிமன்றம் அப்படிப் பாதுகாப்பு கொடுத்தது. அதே நீதிமன்றம்தான் 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றும் சொன்னது. எனக்கு அது வருத்தம்தான்.

கிராம சேவகர் கடிதம் இப்போது வாங்கி கனடாவுக்கு அனுப்பலாமா?

வழக்கு மேல்முறையீட்டுப் பிரிவில் இருந்தால் அனுப்பலாம். ஆனால் முதல் மறுப்புக்குப் பிறகு உருவானது, அல்லது முன்பு நியாயமாகக் கிடைத்திருக்க முடியாதது என்று காட்ட வேண்டும். ஃபெடரல் கோர்ட் கட்டத்தில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அப்புறம், கடிதம் வந்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எப்போது கிடைத்தது என்பதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி.