ஆட்டு ஈரல் வெளுத்து வீங்கியிருக்கிறது, பூச்சிமருந்தாலா?

பருத்திக்காட்டு வரப்பில் மேய்ந்த ஆடு என்கிறீர்கள். அங்கே அடித்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து காரணமாக இருக்கலாம். ஆனால் ஈரலின் நிறத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

உள்ளே போகும் மருந்தை உடைப்பது ஈரல்தான். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அதன் செல்களில் கொழுப்பு சேரலாம், சிறுநீரகமும் அடிவாங்கலாம்.

முதலில் ஈரலை அறுத்து, பித்தக்குழாயைப் பிதுக்கிப் பாருங்கள். இலை மாதிரி தட்டையான புழு வந்தால் அது தட்டைப்புழு. வாய்க்கால் ஓரம் மேய்கிற ஆடு என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

புழு இல்லையா? மிச்ச ஆடுகளின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்து உள்ளே போனால் குறைகிற ஒரு நொதி) அளவு பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அளவு சரியாக வந்தாலும் ஈரல் பழுதாகவில்லை என்று அர்த்தமில்லை.

அந்த ஈரலைச் சமைக்காதீர்கள், நாய்க்கும் போட வேண்டாம்.