த்ரோமேனி நடக்கப் போகிறீர்களா? எது சபையின் சடங்கு, எது ஊரின் வழக்கம்?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். ஜூலையில் பிரான்சின் மேற்கிலுள்ள பிரிட்டனிப் பகுதிக்குப் போய் 'பர்தோன்' திருவிழா ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. அதில் பாதி, கிறிஸ்தவம் வருமுன் அங்கிருந்த கெல்ட்டிய மக்களின் பழைய சடங்கு என்கிறார்கள். எந்த ஊருக்குப் போகலாம்? எது திருச்சபையுடையது, எது அதற்கு முந்தியது என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: லோக்ரோனானுக்குப் போங்கள். கேம்பேர் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. ஜூலை இரண்டாம் ஞாயிறு அங்கே 'த்ரோமேனி' பவனி. ஆண்டுதோறும் நடப்பது சின்ன த்ரோமேனி, சுமார் 6 கிலோமீட்டர். பெரிய த்ரோமேனி 12 கிலோமீட்டர், பவனி நின்று செபிக்கும் 12 நிலைகள். இரண்டாம் ஞாயிற்றிலிருந்து மூன்றாம் ஞாயிறு வரை நீளும். 2025இல் நடந்தது, இனி 2031இல்தான். 'ஏழாண்டுக்கு ஒரு முறை' என்று எங்காவது படித்தால் குழம்ப வேண்டாம். தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணும் பழைய கணக்கு அது, இடைவெளி ஆறாண்டுதான்.

பர்தோன் என்றால் மன்னிப்பு. பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, பவனியில் நடந்து பலன் பெறுவது சபை சொல்லும் பொருள். த்ரோமேனி என்ற பெயருக்கு மூலமான 'த்ரோ மினிஹி' என்ற பிரெத்தோன் (பிரிட்டனியின் சொந்த மொழி) சொற்கள் புகலிட நிலத்தைச் சுற்றி வருவதைக் குறிக்கும். அயர்லாந்திலிருந்து வந்த துறவி ரோனான் நோன்பிருந்து வெறுங்காலோடு நடந்த வழி இது என்பது புனிதரின் வரலாறு. ஊர் நம்பிக்கை இன்னொன்றும் சொல்லும்: உயிரோடிருக்கும்போது நடக்காதவர் இறந்தபின் நடந்தே ஆகவேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் சவப்பெட்டியின் நீளம் மட்டுமே நகர்ந்து. எந்த ஞானோபதேசத்திலும் இது கிடையாது. ஆனால் இறந்தவர் பாவக்கறை தீரத் துன்புறும் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புகிறவருக்கு இது அந்நியமாகவும் படவில்லை. கலப்பு நடந்தது இப்படித்தான். இரண்டு சமயங்களை யாரும் உட்கார்ந்து பிசையவில்லை. ஒரே அச்சத்துக்கு இரண்டு பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. குருவானவர் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலில் இருப்பதையும், அதில் இல்லாமலே மக்கள் செய்வதையும் தனித்தனியே கவனியுங்கள். திருப்பலி, திருப்பண்டங்கள், பிரெத்தோன் மொழிப் பாடல்கள் நிரலில் இருக்கும். பக்கத்துப் பங்குகளின் கொடிகள் எதிர்ப்படும்போது ஒன்றையொன்று தொடச் சாய்ப்பார்கள். அதைக் கொடிகளின் முத்தம் என்பார்கள். பெரிய த்ரோமேனியில் வழிநெடுகத் தழை வேய்ந்த சிறு குடில்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சுரூபம், மணியடித்துக் காணிக்கை கேட்கும் ஒரு காவலர். சில்லறை எடுத்துப் போங்கள். அந்தப் புனிதர்களில் பலருக்கு ரோம் பட்டம் கொடுத்ததே இல்லை, ஊரே புனிதராக்கியது. 1347இல் முறைப்படி புனிதர் பட்டம் பெற்ற த்ரெகியே ஊர் ஈவ் போன்றவர்கள் அங்கே விதிவிலக்கு.

மலைமேல் ரோனானின் நாற்காலி என்று ஒரு பாறை கிடக்கிறது. குழந்தை வேண்டும் பெண்கள் அதில் அமர்ந்து எழுவது பழைய வழக்கம். புனிதரின் பெயர் மேலே ஏறியிருக்கிறது, வேண்டுதல் பாறையிடம்தான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 12 நிலைகளைக் கெல்ட்டிய ஆண்டின் 12 மாதங்களோடு பொருத்திக் காட்டினார் இனவியலாளர் தொனாசியன் லோராந். வலுவான கருதுகோள், ஆனால் மெய்ப்பிக்கப்பட்டதல்ல. சுற்றுலாத் துண்டறிக்கைகள் அதையே 'அறுபடாத இரண்டாயிரம் ஆண்டு மரபு' என்று எழுதிவிடுகின்றன. இன்று நாம் காணும் பர்தோனின் தோற்றத்தில் பெரும்பங்கு 17ஆம் நூற்றாண்டு வேதபோதகர்களுடையது. மிஷேல் லெ நொப்லெஸ், அவர் வழிவந்த இயேசு சபைக் குரு ஜூலியன் மொனுவார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் போதித்த காலம் அது. பழைய கற்களையும் அக்காலத்தில் விட்டுவைக்கவில்லை. ப்ளெமேர்-போதூவில் 7 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சேன் உசெக் நெடுங்கல்லின் உச்சியில் 1674இல் சிலுவை வைத்து, உடம்பில் இயேசுவின் பாடுகளின் கருவிகளைச் செதுக்கினார்கள். இடித்துத் தள்ளாமல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் ஞாயிறு தவறினால் ஜூலை 25, 26 தேதிகளில் பிரிட்டனியின் இன்னொரு திருத்தலமான சேன்த்-ஆன்-தோரேவுக்குப் போங்கள். மரியாளின் தாய் புனித அன்னம்மாள், இவோன் நிகோலாசிக் என்ற குடியானவருக்குக் காட்சி தந்து, 1625 மார்ச்சில் அவர் வயலிலிருந்து சுரூபம் வெளிப்பட்ட தலம். அன்னம்மாள் 'அனா' என்ற கெல்ட்டியத் தெய்வமே என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பெயர் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.

அங்கே சுனையில் முகமும் கையும் கழுவுவார்கள், நீங்களும் கழுவலாம். எந்தச் சுனையிலும் 'ஓ நோன் பொதாப்ல்' என்ற பலகை இருந்தால் குடிக்காதீர்கள், அது குடிநீரல்ல.

கத்தோலிக்கர் அல்லாதவர் பவனியில் நடக்கத் தடையில்லை. நற்கருணை வாங்க மட்டும் போகக்கூடாது. சேற்றுக்குத் தாங்கும் காலணியும் மழையங்கியும் வேண்டும். பெரிய த்ரோமேனியின் வழி தனியார் வயல்களுக்குள்ளும் போகிறது, அந்த நாள்களில் மட்டுமே திறப்பார்கள். பிறகு வேலி தாண்டிப் போகாதீர்கள். அந்த வாரத்தில் தனியாக நடப்பதானால் பேசாமல் நடப்பது வழக்கம். மரபுடையும் சரிகைத் தலையணியும் அணிந்தவர்கள் செபத்தில் இருப்பவர்கள், கொடிக்கு முன்னால் ஓடி நின்று படம் எடுக்காதீர்கள். காலைத் திருப்பலிக்கே போய்ச் சேருங்கள். பிற்பகல் பவனிக்கு மட்டும் வருகிறவர்கள் நிரலில் இருப்பதைத் தவறவிட்டு, இல்லாததை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள்.