ஐடிவி 5.60 லட்சம், கைக்கு வருவது மூன்றரை லட்சமா?

கேள்வி: 2021-இல் வாங்கிய பெட்ரோல் கார், 1200 சிசி. விக்கிரவாண்டி தாண்டி மழையில் சறுக்கி மீடியனில் மோதி உருண்டுவிட்டது. நல்லவேளை, உள்ளே இருந்த யாருக்கும் பெரிய அடி இல்லை. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4.85 லட்சம், பாலிசியில் ஐடிவி (வண்டிக்குப் பாலிசியில் ஒத்துக்கொண்ட மதிப்பு) 5.60 லட்சம். டோட்டல் லாஸ் (வண்டி முழு நஷ்டம்) என்று இன்சூரன்ஸ் கம்பெனியே சொல்லிவிட்டது. ஆனால் சால்வேஜ் (சேதமான வண்டியின் மதிப்பு) 2.10 லட்சம் கழித்து 3.49 லட்சம்தான் தருவார்களாம், வண்டியை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம். இதற்குச் சம்மதம் என்ற கன்சென்ட் லெட்டரில் கையெழுத்துக் கேட்டு தினமும் போன் வருகிறது. இங்கே பழைய வண்டி எடுப்பவர் 1.20 லட்சத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறார். பேங்க் லோன் 2.30 லட்சம் பாக்கி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கம்பெனி எல்லாவற்றிலும் தப்பு செய்யவில்லை, ஒரே ஒரு இடத்தில்தான் உங்கள் பணம் ஒழுகுகிறது. அந்த இடம் எதுவென்று தெரியாமல் "எனக்கு அநியாயம் நடக்குது" என்று பொதுவாகச் சண்டை போட்டால் கஸ்டமர் கேரில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபைலை மூடிவிடுவார்.

பாலிசி அட்டவணையில் அச்சாகியிருக்கும் ஐடிவிதான் அந்த ஒரு வருடம் முழுக்க உங்கள் வண்டியின் மார்க்கெட் மதிப்பு. டோட்டல் லாஸ் கிளைமில் அதன்மேல் இன்னொரு தேய்மானம் கழிக்கக் கூடாது. பாலிசி போட்டு பத்து மாதம் ஆகிவிட்டது, இப்போது வண்டி 4 லட்சம்தான் போகும் என்றெல்லாம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மதிப்பை ஒத்துக்கொண்டு அதற்குப் பிரீமியமும் வாங்கிய கம்பெனி, வண்டி நொறுங்கியபிறகு அந்த மதிப்பை மறுக்க முடியாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்தது 75% கணக்கு. ரிப்பேர் செலவும் வண்டியை மீட்டு எடுத்துவரும் செலவும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸாகத்தான் தீர்க்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கோடு 4.20 லட்சம், எஸ்டிமேட் 4.85. கம்பெனியும் ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் போனில் சொன்னதை நம்பி இருக்காதீர்கள், மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எதிர்த்துப் பேச ஆரம்பித்ததும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எஸ்டிமேட்டைக் குறைத்து 4.10 என்று காட்டி "ரிப்பேரே பண்ணிக்கலாம் சார்" என்று திரும்புவதும் உண்டு. அப்படித் திரும்பினால் பிளாஸ்டிக் பாகத்துக்கும் டயருக்கும் 50% தேய்மானம் என்று கழித்து, உருண்ட வண்டியையும் உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

கட்டாயக் கழிவு, அதாவது கிளைமில் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய பங்கு, 1500 சிசி வரை ஆயிரம் ரூபாய். அது நியாயமானதுதான். நீங்களாகக் கேட்டு எடுத்த வாலன்டரி கழிவு ஏதும் இல்லையென்றால் உங்களுக்குச் சேரவேண்டியது 5,59,000.

சரி, இப்போது சால்வேஜ். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. டோட்டல் லாஸ் என்றால் ஐடிவியில் இருந்து சேதமான வண்டியின் மதிப்பைக் கழித்துத் தருவதுதான் கம்பெனியின் அதிகபட்சப் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. அதனால் "சால்வேஜ் கழிப்பதே சட்டவிரோதம்" என்று எழுதினால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். ஆனால் கழிக்கும் அந்தத் தொகை நிஜமாகக் கைக்குக் கிடைக்கிற தொகையாக இருக்க வேண்டும். கம்பெனி தருவது, சால்வேஜ் எடுப்பவர் தருவது, இரண்டும் சேர்ந்து 5,59,000 வர வேண்டும். 3.49 வாங்கிக்கொண்டு வண்டியை 1.20-க்குத் தள்ளினால் 4,69,000 தான் வருகிறது. குறைகிற 90,000 ரூபாய்தான் உங்கள் வழக்கு.

2.10 லட்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆன்லைன் ஏலத்தில் யாரோ ஒரு சால்வேஜ் வியாபாரி கேட்ட விலையாக இருக்கும். அந்த விலைக்குக் காலக்கெடு உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்டு, பேப்பர் எல்லாம் முடிந்து, வண்டியைக் கொடுக்கப் போகும்போது "அந்த ரேட் முடிஞ்சுபோச்சு, இப்ப ஒண்ணு இருபது" என்பார்கள். இன்னொன்று, ஏலம் ஆர்சியோடு கேட்கப்பட்டதா, ஆர்சி இல்லாமலா என்று பாருங்கள். ஆர்சி உயிரோடு இருந்தால் வண்டியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி ரோட்டில் ஓட்டலாம் என்பதால் விலை கூடும், ஆர்சியை ரத்து செய்துவிட்டால் பாகம் பாகமாகத்தான் விற்க முடியும் என்பதால் விலை பாதாளத்துக்குப் போகும். ஆர்சியோடு கேட்ட விலையைக் கழித்துவிட்டு, ஆர்டிஓவில் ஆர்சியை ரத்து செய்து கொண்டுவா என்று சில கம்பெனிகள் கேட்கின்றன. இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். வண்டி போய், அலைந்து, லோன் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரிடம் இரண்டு வேறு அளவுகோலை வைத்துக் கணக்குப் போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அதனால் கம்பெனிக்கு மெயில் போடுங்கள், போனில் எதுவும் பேசித் தீர்க்காதீர்கள். இப்படி எழுதினால் போதும்: "சால்வேஜ் மதிப்பு ரூ.2,10,000 என்று கழித்திருக்கிறீர்கள். இந்த விலை கேட்டவர் யார், எந்தத் தேதியில், எதுவரை செல்லும், ஆர்சியுடனா இல்லாமலா என்ற விவரமும் சர்வே ரிப்போர்ட் நகலும் தேவை. அவர் ரூ.2,10,000 என் கணக்கில் செலுத்தி வண்டியை எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். இல்லையெனில் நிறுவனமே வண்டியை எடுத்துக்கொண்டு ரூ.5,59,000 வழங்க வேண்டும். வண்டியை நான் வைத்துக்கொள்ளும் முறைக்கு நான் சம்மதிக்கவில்லை." கூடவே உள்ளூர் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் லெட்டர்பேடில் விலை எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள். இவ்வளவு நேராகக் கேட்டால், விலை கேட்டவரையே பணத்தோடு அனுப்பிவைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்துவிடும். நிறைய கிளைம் இந்த மெயிலிலேயே தீர்ந்துவிடுகிறது.

சர்வே ரிப்போர்ட் நகல் கேட்பது உங்கள் உரிமை. சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம், அது இறுதியானது அல்ல, காரணம் இருந்தால் விலகலாம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பேங்க் லோன் இருப்பதால் கம்பெனி தரும் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும், மீதி உங்களுக்கு. கிளைம் இழுக்கிறதே என்று இஎம்ஐயை நிறுத்திவிடாதீர்கள், சிபில் அடிபடும், அதற்கு கம்பெனி பொறுப்பேற்காது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் பார்க்கிங் சார்ஜ் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். தாமதம் கம்பெனியால் என்றால் அந்தச் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று அதே மெயிலில் ஒரு வரி சேருங்கள்.

மெயிலுக்கு ஒழுங்கான பதில் வரவில்லையா, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதோடு இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஆனால் அங்கிருந்து தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், புகாரைக் கம்பெனிக்கே தள்ளிவிட்டுக் கண்காணிப்பார்கள், அவ்வளவுதான். உண்மையில் உத்தரவு போடும் அதிகாரம் உள்ளவர் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ அவரிடம் போகலாம், மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் அப்புறமும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் அதே புகாரைத் தொடமாட்டார். 90,000 ரூபாய் சால்வேஜ் தகராறுக்கு ஆம்புட்ஸ்மேன்தான் சரியான இடம் என்பது என் அபிப்பிராயம். மாவட்ட ஆணையத்தில் வாய்தா வாங்கி வாங்கியே ஆளைச் சோர்வடைய வைத்துவிடுவார்கள். அங்கே போவதாக இருந்தால் இரண்டு வருடக் கெடு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

பணம் உடனே தேவை, கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே பாலிசிதாரரின் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வரி இருந்தால் பின்னால் வாதாட சுலபம்.

வண்டியைக் கொடுக்கும் அன்று ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். எடுத்துப்போகிறவர் உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் வெற்றாக நீட்டுவார். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அவர் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் எழுதி, ஆதார் நகல் வாங்கி, வண்டியை ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்கிய பிறகே சாவி. ஆர்சி உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டி எங்கே போய் இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஃபாஸ்டாகையும் கழற்றி மூடிவிடுங்கள்.

கேள்வி: என் காருக்கு ஜீரோ டெப் எடுத்திருக்கிறேன். டோட்டல் லாஸ் ஆனால் புது வண்டி விலை கிடைக்குமா? (வாசகி, கோவை)

பதில்: கிடைக்காது. ஜீரோ டெப் என்பது ரிப்பேரில் பாகங்களுக்குக் கழிக்கும் தேய்மானத்தை மட்டும் தவிர்க்கிறது. டோட்டல் லாஸில் ஐடிவிதான் வரம்பு. வாங்கிய பில் விலை வேண்டுமென்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும், அதையும் புது வண்டிக்கு முதல் சில வருடம்தான் தருவார்கள். ரோடு டாக்ஸும் பதிவுக் கட்டணமும் அதில் சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எடுக்கும்போதே வாசகத்தைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு வருட கார். ஐடிவி 1.80 லட்சம் என்று போட்டிருந்தார்கள், இதே வண்டி மதுரையில் 3 லட்சத்துக்கு விற்கிறது. லாரி ஒன்று பின்னால் வந்து இடித்து டோட்டல் லாஸ். 3 லட்சம் கேட்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கம்பெனியிடம் கேட்க முடியாது, வருத்தமாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது வரைக்கும் ஐடிவிக்கு அட்டவணை இருக்கிறது. ஆறு மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று ஷோரூம் விலையில் கழிப்பார்கள். ஐந்து வயது தாண்டிவிட்டால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான் ஐடிவி. ரினியூவலில் பிரீமியம் குறைவாக வரவேண்டும் என்று ஏஜென்ட்டோ, ஆன்லைன் தளமோ ஐடிவியை அடியில் வைத்துக் காட்டும், நாமும் நானூறு ஐநூறு மிச்சம் என்று பணம் கட்டிவிடுகிறோம். மிச்சப்பட்டது அவ்வளவுதான், போனது ஒரு லட்சத்துக்கு மேல். இதைப் படிக்கிற மற்றவர்கள் அடுத்த ரினியூவலுக்கு முன் உங்கள் மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து அதற்கேற்ற ஐடிவி கேளுங்கள்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தப்பு லாரி மேல் என்றால், உங்கள் கம்பெனி ஈடுகட்டாத நஷ்டத்தை லாரி உரிமையாளரிடமும் அதன் இன்சூரன்ஸிடமும் கேட்கலாம். லாரியின் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை கவர் இருக்கும். மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், மதுரையிலேயே போடலாம். எஃப்ஐஆர் நகல், சர்வே ரிப்போர்ட், உங்கள் கம்பெனி கொடுத்த தொகைக்கான கடிதம், அதே மாடல் அதே வருட வண்டி என்ன விலைக்குப் போகிறது என்பதற்கான ஆதாரம், இவ்வளவும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது, அதனால் வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் விபத்துத் தேதியை எழுதவில்லை நீங்கள், கெடு நெருங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள், எஃப்ஐஆர் இன்னும் போடவில்லையென்றால் முதலில் ஸ்டேஷனுக்குப் போங்கள்.