பழுது பார்க்கும் முன் ஒரு பிரதி

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறோம். மின்சாரம் திடீரென்று நின்றதில் கணக்குகள் உள்ள லினக்ஸ் சேர்வர் விழுந்துவிட்டது. மறுபடி இயக்கினால், கோப்பு முறைமையில் முரண்பாடு, எஃப்எஸ்சிகே நிரலை நீங்களே இயக்குங்கள் என்று சொல்லிப் பாதியில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' கொடுத்துவிடலாம் என்கிறார் மருமகன். செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் ஐயா. மருமகனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

எஃப்எஸ்சிகே என்பது கோப்பு முறைமையை, அதாவது டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கை, சரிபார்த்துப் பழுது பார்க்கும் நிரல். கிடங்குக் கணக்கைப் போல, பதிவேடும் கிடங்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே அதன் கவலை. கணக்கில் வராத மூட்டையை வெளியே தூக்கிப் போட்டாவது ஒத்துப்போக வைத்துவிடும். உங்கள் கடன் பட்டியல் அந்த மூட்டையில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

முதலில், டிஸ்க் தன் நலனைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' வரியில் பூச்சியத்துக்கு மேல் எண் இருந்தால், வாசிக்க முடியாத இடங்கள் உண்டு என்று பொருள். அப்படிப்பட்ட டிஸ்க்கில் பழுது பார்க்கத் தொடங்குவது ஆபத்து. எப்படியிருந்தாலும், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் அதே அளவோ பெரியதோ ஒரு டிஸ்க் வாங்கி, பழுதான டிஸ்க்கிலிருந்தும் பிரதி எடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நிரல் கொண்டு முழுப் பிரதி எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பு கொடுத்து இயக்கினால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்; உங்கள் பல வருட உழைப்பு அந்த டிஸ்க்கில் இருக்கிறது.

இனி எல்லா வேலையும் பிரதியில்தான். யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்குங்கள்; மவுண்ட் செய்த, அதாவது பயன்பாட்டில் இணைத்த, பகுதியில் பழுது பார்த்தால் சேதம் கூடும். கோப்பு முறைமை எக்ஸ்ட்4 வகை என்றால், எஃப்எஸ்சிகே நிரலுக்கு முதலில் 'மைனஸ் என்' (-n) கொடுங்கள். எதையும் மாற்றாமல், கண்ட பிழைகளை மட்டும் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் எஃப்எஸ்சிகே ஒன்றும் செய்யாது, அதற்கு எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர் தனியாக இருக்கிறது. கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். 4 கேபி பிளாக் உள்ள எக்ஸ்ட்4-இல் வழக்கமாக 32768-ஆவது பிளாக்கில் அதன் நகல் இருக்கும்.

பழுது பார்த்து முடிந்ததும் 'லாஸ்ட் ஃபவுண்ட்' (lost+found) கோப்புறையைத் திறந்து பாருங்கள். '#' குறியும் எண்ணுமாகச் சில கோப்புகள் கிடக்கலாம். கோப்பின் பெயர் கோப்புறையில்தான் எழுதப்பட்டிருக்கும். கோப்புறை அழிந்தால் பெயரும் போகும், உள்ளடக்கம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பிழையே இல்லை என்று நிரல் சொன்னாலும், மின்சாரம் நின்ற நேரத்துப் பற்றுச்சீட்டுகளைக் கைப்பிரதியோடு ஒப்பிடுங்கள். மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் எக்ஸ்ட்4-இன் ஜர்னல் வழக்கமாகக் கோப்புகளின் விவரத்தை மட்டுமே பதிகிறது, உள்ளே எழுதியதை அல்ல. யுபிஎஸ் வாங்கும்போது, பேட்டரி தீரும் முன் சேர்வரை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் யுஎஸ்பி இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.