காலி நாற்காலி யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பாலில் ஆடும் நம்ம ஊர் டீம் சென்னையின் எஃப்சி பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதினேன். "ஸ்டேடியத்தில் பாதி நாற்காலி காலி, ரசிகர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டது என் தப்பு. வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திட்டுதான். இந்த வாரம் சமையல், ஜோசியம், சினிமா எல்லாவற்றுக்கும் லீவு, முழுக்க ஃபுட்பால்.

கேள்வி: அபிஷேக் பச்சன், தோனி என்று இவ்வளவு பெரிய முதலாளிகள் இருந்தும் டீம் ஏன் இப்படிக் கிடக்கிறது? பேசாமல் விற்றுவிட்டுப் போகச் சொல்லலாமே?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

சொல்லலாம். வாங்குகிற ஆள் யார் என்றும் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய பெயர்களை எல்லாரும் சொல்கிறோம், மூன்றாவதாக வீட்டா தானி என்றொரு முதலாளி இருப்பதை உங்களைப் போலவே பலரும் மறந்துவிடுகிறார்கள். 2014-ல் ஆரம்பித்த கிளப், 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கியது. அப்போதும் இதே முதலாளிகள்தான். அதற்கு அடுத்த 2018-19 சீசனில் நடப்புச் சாம்பியன் என்ற பட்டத்தோடு இறங்கி, 18 மேட்சில் 9 பாயின்ட் எடுத்துக் கடைசியில் வந்து நின்றதும் இதே முதலாளிகள் காலத்தில்தான். கேரளாவைப் பாருங்கள், 2018-ல் சச்சின் தன் பங்கை விற்றுவிட்டு அந்த ஊர் டீம் பிளாஸ்டர்ஸை விட்டுப் போனார். அவர் இருந்தபோது இரண்டு ஃபைனல் தோற்றார்கள், போன பிறகு ஒன்று தோற்றார்கள். நட்சத்திர முதலாளியால் வியாதியும் வராது, தீரவும் தீராது.

ஆனால் விற்பதைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இந்த லீக் நின்றது ஒரு ஒப்பந்தத்தின் மேல். 2010-ல் போட்டது, 15 வருஷம், லீக்கை நடத்துகிற கம்பெனி இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கு வருஷம் 50 கோடி கொடுக்க வேண்டும். அது 2025 டிசம்பரில் முடிகிறது என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் அடுத்து என்ன என்று முடிவு பண்ணாமல் இழுத்தார்கள். ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தாயிற்று, பல கிளப்கள் முதல் அணியின் வேலையையே நிறுத்தின, கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் மேட்ச்களைக் குறைத்து ஒரு வழியாக ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கடை இருக்குமா என்றே தெரியாத தெருவில் கடையை வாங்க யார் வருவான், சொல்லுங்கள்.

என் குறை வேறு. தோற்ற மறுநாள், "இதனால் தோற்றோம், இதைத்தான் மாற்றப்போகிறோம்" என்று இந்த ஊர் பாஷையில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முதலாளியே வர வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு முகம் இருந்தால் போதும். தலைமை என்று நான் சொல்வது அதைத்தான், பங்கு யார் கையில் இருக்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

கேள்வி: ஜெயிக்கும்போது மட்டும் வருகிறவன் ரசிகனா? தோற்க ஆரம்பித்ததும் என் பக்கத்து சீட் ஆட்கள் காணாமல் போய்விட்டார்கள். "உண்மையான ரசிகன் எல்லா மேட்சுக்கும் வருவான்" என்று நான் சொன்னதில் எனக்கும் என் மச்சானுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகர், ராயபுரம்

உங்கள் மச்சான் பக்கம். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

மேட்ச் ஏழரை மணிக்கு. முடியும்போது ஒன்பதே கால், ஒன்பதரை. பெரியமேட்டிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, திருவொற்றியூரில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது பதினொன்று. 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, கொஞ்சம் சுலபம், சரி. ஆனால் காசிமேட்டில் விடியும் முன்னாலேயே மீன் ஏலத்துக்கு நிற்க வேண்டியவருக்கு ஒன்பது மணி என்பது நடுராத்திரி. ஹார்பரில் நைட் ஷிஃப்ட் போகிறவர் அந்நேரம் டிபன் பாக்ஸோடு பஸ்ஸில் இருப்பார். இவர்களை எல்லாம் ரசிகர் கணக்கிலிருந்து அடித்துவிட்டால், மிச்சம் இருப்பவர்களை வைத்து வடசென்னை டீம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

2015 டிசம்பரை யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வந்த வருஷம். சீசன் பாதியில் கடைசி இடத்தில் கிடந்த டீம் எழுந்து வந்து செமி ஃபைனலுக்குப் போனது, ஆனால் ஊர் இருந்த நிலையில் நம் ஹோம் மேட்சை புனேவில் ஆட வேண்டியதாயிற்று. அதாவது வருஷத்தின் முக்கியமான ஹோம் மேட்சுக்குச் சென்னையில் ஒருவர்கூடப் போக முடியவில்லை. அப்புறம் டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். எங்கள் வீட்டில் தண்ணீர் வந்தபோது டிவியைத் தூக்கி பீரோ மேல் வைத்திருந்தோம், வடிந்து இரண்டு வாரமாகியும் இறக்கவில்லை, சுவரில் முட்டி உயரத்துக்குக் கோடு, வீடெல்லாம் ஈர நாற்றம். பதினாலு பேர் தரையில் பிளாஸ்டிக் சாக்கு விரித்து உட்கார்ந்து, அண்ணாந்து அண்ணாந்து பார்த்தோம். 87-ஆவது நிமிஷம் கோவா 2-1. அடுத்த வீட்டு அண்ணன் "அவ்ளோதான், எழுந்திரிங்கடா" என்று எழுந்து லுங்கியை உதறினார். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கோவா கோல்கீப்பர் மேலேயே பட்டுப் பந்து உள்ளே போனது. 2-2. அவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி நின்றார். 90 நிமிஷம் முடிந்து கூட்டிக் கொடுத்த நேரத்தில் நம்ம மென்டோசா. 3-2. அந்த அண்ணன் அன்றைக்குப் போட்ட சத்தத்துக்கு, அடுத்த தெருவில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டதாக நினைத்து வெளியே வந்தார்கள்.

அவர் இதுவரை ஒரு மேட்சுக்குக்கூட நேரில் போனதில்லை. ஆனால் வாரம் தவறாமல் என்னிடம் "நம்ம டீமு இன்னாச்சு?" என்று கேட்பார். அவரை ரசிகன் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. நேரமில்லை, காசில்லை என்கிற அதே ஆட்கள் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் டிக்கெட்டுக்கு விடிய விடிய நின்ற கதையும் எனக்குத் தெரியும். அங்கே போவது ஒரு பழக்கம், அப்பா கூட்டிப் போன இடம். ஃபுட்பாலுக்கு அந்தப் பழக்கம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை, தாத்தா காலத்தில் இருந்தது, நடுவில் விட்டுப்போயிற்று. அதைத் திரும்ப உண்டாக்க வேண்டியது டிக்கெட் விற்கிறவர் வேலை. வராதவனைத் திட்டினால் பழக்கம் வராது.

கேள்வி: மெஸ்ஸியா, ரொனால்டோவா?
– ஒரு மாணவர், பெரம்பூர்

பெரம்பூரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா தம்பி இது? மாரடோனா.

சொல்ல மறந்தேன், 2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தபோது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று ஆயிரக்கணக்கில் காசு கொடுத்தவர்கள் நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்களே, அந்த வாரம்தான் நம் லீக்கின் ஒப்பந்தமும் முடிந்தது. அதற்கு ஒரு நாற்காலியும் பறக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஏரியாவை "மினி பிரேசில்" என்று வருஷத்துக்கு ஒருமுறை எழுதிவிட்டுப் போகிறீர்கள். முல்லை நகர் கிரவுண்டிலிருந்து நேரு ஸ்டேடியம் எவ்வளவு தூரம்? டீமில் எங்கள் பசங்கள் எத்தனை பேர்?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

இந்த வாரக் கடிதங்களில் பதில் சொல்லத் திணறியது இதற்குத்தான்.

தூரம் என்ன பெரிய தூரம்? வியாசர்பாடி ஜீவாவில் ஏறினால் நடுவில் பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். பசங்கள் நடந்தே வந்துவிடுவார்கள். வந்தும் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான செமி ஃபைனல் இரண்டாம் ஆட்டம், நேரு ஸ்டேடியம், 3-0. ஜெஜே இரண்டு கோல், இன்னொன்று உங்கள் வியாசர்பாடி தனபால் கணேஷ். நான்கு நாள் கழித்து பெங்களூரில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் தன் வீட்டுப் பக்கத்து ஸ்டேடியத்தில் செமி ஃபைனல் கோல் போடுகிறான், டீம் சாம்பியன் ஆகிறது. இதைவிட ஒரு கிளப்புக்கு என்ன விளம்பரம் வேண்டும்? அந்தக் கோலைச் சுவரில் பெரிதாக வரைந்து, மூலக்கொத்தளத்திலிருந்து எருக்கஞ்சேரி வரை ஒட்டியிருக்க வேண்டாமா?

இன்னொரு சென்னைப் பையன், நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில், கொல்கத்தா டீம் ஈஸ்ட் பெங்கால் சட்டையில், அதே ஊர் பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோல். நாலரை வருஷமாக அந்த டெர்பியில் ஜெயிக்காமல் தவித்த ஒரு கூட்டத்துக்கு அவன் கொடுத்த ராத்திரி அது. நல்ல விஷயம்தான், சந்தோஷம்தான். அந்த கோல் நம்ம ஊரில் விழுந்திருக்கக் கூடாதா என்று வயிற்றெரிச்சல் படுவதில் எனக்கு வெட்கமில்லை.

முன்பு இந்தப் பக்கத்துப் பையனுக்கு ஏணி ஒன்று இருந்தது. தெரு டீம், அப்புறம் லீக் டிவிஷன், அங்கே நன்றாக ஆடினால் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், இந்தியன் பேங்க் என்று ஏதாவது ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அம்மாக்கள் பந்தை ஒளித்து வைக்காமல் விட்டதே அந்த வேலைக்காகத்தான். "ஆடினா ரயில்வேல வேலை" என்பதற்கு இருந்த மதிப்பு "ஆடினா ஐ.எஸ்.எல்." என்பதற்கு இன்னும் வரவில்லை. காரணம் எளிது, ரயில்வேயில் வேலை வாங்கியவர் அடுத்த தெருவில் இருந்தார், மாசம் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது கண்ணால் தெரிந்தது.

போன மாசம் சாயந்திரம் உங்கள் பக்கம் வந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு வயசுப் பசங்கள், பக்கத்துக்கு ஐந்து பேர், கோல் போஸ்ட்டுக்கு இரண்டு புத்தகப் பை. கோல்கீப்பர் பையன் கையில் வண்டி ஓட்டுகிறவர்கள் போடுகிற கிளவுஸ், விரல் நுனி எல்லாம் வெட்டியிருந்தது. அங்கே ஒரு சட்டம், பந்து கால்வாயில் விழுந்தால் கடைசியாகக் கால் பட்டவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். அதனால் ஒருவனும் மேலே தூக்கி அடிப்பதில்லை, எல்லாப் பாஸும் தரையோடு தரையாக, அளவாக. லட்சக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுக் கோச்சை வரவழைத்துச் சொல்லித்தருகிற பாடம், இங்கே சாக்கடைக்குப் பயந்து தானாக வந்திருக்கிறது! ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிற ஸ்கவுட் என்று ஒருவர் வாரம் ஒருநாள் அந்தக் கால்வாய் ஓரம் ஒரு டீயோடு வந்து நின்றால் போதும். கூட்டம் தானாக வரும் ஐயா. ஒரு பையன் டீமில் ஆடினால் அவன் தெருவே வரும், தெருவில் உள்ள பாட்டி உட்பட.

கேள்வி: கேரளாவில் பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை செய்தது போல நாமும் டிக்கெட் வாங்காமல் புறக்கணித்தால் என்ன?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

அவர்கள் 2024-25 சீசனில் நிர்வாகத்தின் மேல் கோபப்பட்டு டிக்கெட் வாங்க மாட்டோம், விற்கவும் மாட்டோம் என்றார்கள். கொச்சி ஸ்டேடியம் மஞ்சளாக நிரம்பி வழிகிற இடம், அங்கே கொஞ்சம் காலி இடம் தெரிந்தாலே செய்தி. நாம் புறக்கணித்தால் கண்டுபிடிக்கவே நாலு மேட்ச் ஆகும் அண்ணே!

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். நமக்கு ஓட்டு கிடையாது, தொண்டை மட்டும்தான். அந்தத் தொண்டையை ஸ்டாண்டுக்குள் இருந்து பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்கிற நம் ரசிகர் குழு ஆட்கள் தோற்கிற மேட்சிலும் கடைசி நிமிஷம் வரை முரசடித்துக்கொண்டு நிற்கிறார்களே, கேள்வி கேட்கிற உரிமை முதலில் அவர்களுக்கு. என்ன கேட்கலாம் என்றால், சீசனுக்கு ஒருமுறை தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, கோச்சையும் நிர்வாகத்தில் ஒருவரையும் உட்கார வைத்து, தமிழில் மைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரியாணி செலவை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது, ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். மேட்சுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். போகலாமா?
– ஓர் அம்மா, கொளத்தூர்

தாராளமாக. மறுநாள் ஸ்கூல் இல்லாத நாளாகப் பாருங்கள். முதல் தடவை முரசுக்காரர்கள் பக்கம் உட்காராதீர்கள், மகள் கேட்கிற கேள்வி உங்கள் காதில் விழாது. அரைமணி முன்னால் போனால் வார்ம் அப் பார்க்கலாம், ஆடுகிற பிள்ளைக்கு மேட்சைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து மதுரை சேது எஃப்சி கதையைச் சொல்லுங்கள். 2018-19-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்த டீம் அது, தமிழ்நாட்டு டீம்.

கேள்வி: இந்த டீம் எதற்கு ஆசைப்பட வேண்டும்? கோப்பையா, முதல் ஆறு இடமா? சின்ன ஆசை போதும் என்கிறார் எங்கள் டீக்கடைக்காரர்.
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

நம்ம ஏரியா! டீக்கடைக்காரர் யாரென்றுகூடத் தெரிகிறது.

முதல் ஆறு என்பது பாஸ் மார்க். 2023-24-ல் ஆறாவது வந்து, பிளே ஆஃபில் கோவாவிடம் தோற்று வெளியே வந்தோம். அதையே பெரிய சாதனை போலக் கொண்டாடினோம், அடுத்த சீசன் 13 டீமில் 11-ஆவது. கோச் ஓவன் கோயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் மூழ்கிக்கொண்டிருந்த டீமைக் கையில் எடுத்து, அடுத்த மார்ச்சில் ஃபைனலில் கொண்டுபோய் நிறுத்தினார். கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடி கொல்கத்தா டீம் ஏடிகேவிடம் 3-1 தோற்ற ஃபைனல் அது. அவரை விட்டோம், ஜாம்ஷெட்பூர் போய் 2021-22-ல் பாயின்ட் பட்டியலில் முதலிடத்துக்குத் தருகிற லீக் ஷீல்டே வாங்கிக் கொடுத்தார். திரும்ப 2023-ல் கூட்டிவந்தோம், இரண்டு சீசனில் மறுபடி பிரிந்தோம், 2025-ல் கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். கோச்சை மாற்றுவதற்குப் பெயர் திட்டம் இல்லை.

என் ஆசையைக் கேட்டால், பதினோரு பேரில் மூன்று பேராவது சென்ட்ரலுக்கு லோக்கல் டிரெயினில் வந்து பழகியவர்களாக இருக்க வேண்டும். கோப்பை அப்புறம் வரட்டும், காத்திருக்கலாம்.

இதை எழுதும்போது அடுத்த வீட்டு அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னேன். டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கடைசி டிரெயினு எத்தினி மணிக்கு?" என்றார்.