குடல்ல இருக்கற வைரஸை எப்படி ஆராய்ச்சி பண்றாங்க?

குடல்ல வைரஸ் இருக்குன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல பயப்படாதீங்க, அதுல பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குற ஃபேஜ்கள்தான், நம்ம செல்லைத் தாக்காது. மலத்தைக் கரைச்சு 0.45 மைக்ரான் ஃபில்டர்ல விட்டா பாக்டீரியா பெரும்பாலும் மேலயே நின்னுடும், வைரஸ் கீழ வந்துடும், அப்புறம் டிஎன்ஏவைப் பிரிச்செடுத்து சீக்வென்ஸ் பண்ணுவாங்க, அதாவது அதோட எழுத்து வரிசையைப் படிப்பாங்க. கஷ்டமே அதுக்கப்புறம்தான். பாக்டீரியாவுக்கு 16எஸ்னு எல்லாத்துலயும் இருக்கற ஒரு ஜீனை வச்சு அடையாளம் சொல்லிடலாம், வைரஸுக்கு அப்படிப் பொதுவா எதுவும் கிடையாது, அதனால துண்டு துண்டா வர்றதை கம்ப்யூட்டர்லதான் ஒட்டிப் பாக்கணும். கிராஸ்ஃபேஜ்னு ஒரு குடல் ஃபேஜ் அப்படித்தான் 2014ல கிடைச்சுது, அதோட டிஎன்ஏ சுமார் 97,000 எழுத்து நீளம், அவ்ளோ பேர் குடல்ல இருந்தும் அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படல! அந்தக் குடும்பத்துல ஒண்ணை லேப்ல வளர்க்கவே 2018 ஆயிடுச்சு.