புது மலைப்பாம்பு இரை எடுக்கவில்லை, கண் நீலம் பூத்திருக்கிறது: பயப்பட வேண்டுமா?

கேள்வி: பால் பைத்தான் (Ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை) குட்டி ஒன்றை வாங்கி 12 நாள் ஆகிறது. இரண்டு தடவை எலி வைத்தேன். நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு விலகிவிட்டது. இப்போது கண்கள் வெளிறி நீலமாகத் தெரிகின்றன. மூச்சு விடும்போது மெல்லிய சீட்டிச் சத்தமும் கேட்கிறது. தினமும் கையில் எடுத்துப் பழக்கி வருகிறேன். இது நோயா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு முதலில் தோன்றுவது உங்கள் பாம்பு சட்டை உரிக்கத் தயாராகிறது என்பதுதான். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடிபோல் ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் சுரக்கும்போது அந்தச் செதில் மங்கி நீலம் பூக்கும். சில நாளில் தெளியும். தெளிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் சட்டை கழன்றுவிடும். அதுவரை பார்வை மங்கலாக இருப்பதால் பாம்பு பதுங்கியே கிடக்கும், எளிதில் மிரளும், பெரும்பாலும் இரையைத் தொடாது. மூக்குத் துளையருகே தோல் தளர்வதால் சீட்டிச் சத்தம் வருவதும் உண்டு.

ஆனால் சட்டை கழன்ற பிறகும் அந்தச் சத்தம் நீடித்தால் விடாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ நுரையும் குமிழியும் தெரிவது, தலையை அண்ணாந்தபடியே வைத்திருப்பது இவையெல்லாம் சுவாசத் தொற்றின் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சட்டை உரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாம்புக்கு உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை) இல்லை. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. அது நுரையீரலிலேயே தேங்கிவிடும்.

அடுத்து, தினமும் கையில் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இடம் மாறி வந்த பாம்புக்கு அது ஆறுதல் இல்லை, அச்சம்தான். தண்ணீர் மாற்றவும் சுத்தம் செய்யவும் மட்டும் கூண்டைத் திறந்தால் போதும். சட்டை உரிந்து, தொடர்ந்து இரண்டு மூன்று முறை இரை எடுத்த பிறகு தொட்டுப் பழக்கலாம். அப்போதும் இரை விழுங்கிய 48 மணி நேரத்துக்குத் தூக்கக் கூடாது. தூக்கினால் கக்கிவிடக்கூடும்.

சாப்பிடவில்லை என்று என்னிடம் வரும் புதுப் பாம்புகளுக்கு நோயைத் தேடுமுன் கூண்டைப் பற்றித்தான் கேட்பேன். வெதுவெதுப்பான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 வரை இருக்க வேண்டும். வெப்பம் போதாவிட்டால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் இரண்டுமே மந்தமாகிவிடும். இரு பக்கமும், உடலை நெருக்கி அணைக்கும் அளவுக்குச் சிறிய பதுங்குமிடம் ஒவ்வொன்று வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பாம்பு வெப்பத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிவிடும். தெர்மோஸ்டாட் (வெப்பம் அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் வெப்பப் பாயைப் போடவே போடாதீர்கள். சுடுகிறது என்று விலகாமல் அதன்மேலேயே கிடந்து, வயிற்றுச் செதில் வெந்துபோன பாம்புகளுக்கு நான் மருத்துவம் செய்திருக்கிறேன். மாதக்கணக்கில் ஆறாத புண் அது.

ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு வரை. சட்டை உரிக்கும் நாட்களில் 70 வரை உயர்த்தலாம், ஈரப் பாசி வைத்த பதுங்குமிடம் ஒன்றும் உதவும். தரை நசநசவென்று நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும். சட்டை ஒரே உறையாகக் கழன்றால் நல்லது. துண்டு துண்டாக வந்தால் காற்று வறண்டிருக்கிறது என்று பொருள். கண்மேல் பழைய செதில் ஒட்டியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ பிடுங்காதீர்கள், கண்ணே போய்விடலாம்.

சட்டை கழன்று இரண்டு நாள் கழித்து இரை வையுங்கள். உடம்பின் மிகத் தடித்த பகுதியின் பருமனைத் தாண்டாத எலி போதும். உறைய வைத்த எலியைக் குளிர்பதனப் பெட்டியில் உருகவிட்டு, வெந்நீரில் உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து, இடுக்கியால் நீட்டுங்கள். இந்தப் பாம்பின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. ஆறிய எலி அதற்கு இரையாகவே தோன்றாது. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பாம்பைக் கடித்துக் குதறிவிடும். மறுத்தால் ஒரு வாரம் விட்டுத்தான் அடுத்த முயற்சி. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டிக்கு அந்த இருப்பு இல்லை, பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாம்பு எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தால், கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுத் தூள் போன்ற கரும்புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். அவை இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள். வீட்டில் வேறு பாம்பு இருந்தால், புதியதைக் குறைந்தது 90 நாள் தனி அறையில், தனிக் கருவிகளோடு வையுங்கள்.

நலமாக இருக்கும் பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதன் கிண்ணத்தைச் சமையலறையில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாம்பைத் தொட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விற்றவரிடம் இது வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று கேட்டுக்கொண்டு போங்கள். காட்டில் பிடித்தவை குடற்புழுக்களோடு வருவது சகஜம். போகும்போது புதிய எச்சம் கொஞ்சம், கழன்ற சட்டை, எடைக் குறிப்பு, கூண்டின் இரு பக்க வெப்ப அளவு இவற்றைக் கொண்டுபோங்கள். மூச்சு விடும் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள், மருத்துவமனை மேசையில் அது கேட்காமல் போகலாம்.